மேனேஜரின் மூன்றாவது கியர்

"ஏங்க, வண்டி ஏன் இப்படிக் கத்துது?" என்று பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"மூணாவது கியர் விழ மாட்டேங்குது."

"விழலைன்னா விடுங்களேன். தெருமுனை வரைக்கும் போறதுக்கு ரெண்டு கியர் பத்தாதா?"

நல்ல யோசனைதான். ஆனால் மனைவி சொன்ன நல்ல யோசனையை அந்த நிமிடமே ஏற்றுக்கொண்ட கணவன் இன்னும் பிறக்கவில்லை. தபால் குமாஸ்தா வலது காலால் கியர் லிவரை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உள்ளே 'கடக்' என்றது. எஞ்சின் அலறியது. வண்டி மட்டும் போகவில்லை. பதறிப்போய் லிவரை மேலே தூக்கினார். வண்டி பழையபடி இரண்டாவது கியருக்கு வந்து, இனி இங்கேதான் குடித்தனம் என்று உட்கார்ந்துகொண்டது. முதல் கியரும் வரவில்லை, நியூட்ரலும் வரவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். அவர் கிளட்சை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுக்க, மனைவி பின்னால் நின்று தள்ளினாள். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

"என்ன சார், குடும்பத்தோட உடற்பயிற்சியா?"

"ஆமா சார், டாக்டர் சொன்னாரு," என்றார் குமாஸ்தா. அவருக்கு அழுகை வந்தது. வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வண்டி அவருடையதில்லை, அவருடைய மேனேஜருடையது.

குமாஸ்தா வேலை பார்ப்பது தராசும் எடைமேடையும் விற்கும் ஒரு கம்பெனியில். பதினாறு வருடமாகத் தபால் பிரித்துப் பிரித்து அவருக்கு உறையைப் பார்த்ததுமே உள்ளே திட்டு இருக்கிறதா நன்றி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தலைமை குமாஸ்தா ஓய்வு பெற்றுப் போன பிறகு அவருடைய நாற்காலி மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்தது. கைப்பிடி வைத்த, சுழலும் நாற்காலி. அதன் மேல் கேஷியருக்கு ஒரு கண், டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஒரு கண், நம் குமாஸ்தாவுக்கு இரண்டு கண்.

அப்படியிருக்கையில்தான் போன வாரம் மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"பத்து நாள் பொண்ணு வீட்டுக்குப் போறேன்யா. என் வண்டியை உங்க வீட்டுல வச்சுப் பார்த்துக்கணும். நம்பி ஒப்படைக்க ஆபீஸ்ல உங்களை விட்டா ஆளில்ல."

குமாஸ்தாவுக்கு வேட்டி நழுவாத குறை. மேனேஜரின் வண்டியைத் தெரியாதவர் கம்பெனியில் கிடையாது. குமாஸ்தாவைவிட ஆறு வயது மூத்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று எல்லாம் தலைகீழாக இருக்கும் அந்தக் காலத்து வண்டி. ஆபீஸ் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும்.

"தினமும் காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க. ஆனா ஓட்டக்கூடாது. ஒரு அடிகூட. புரியுதா?"

"புரியுது சார்."

"இந்தாங்க ஹெல்மெட். வந்ததும் அந்த நாற்காலி விஷயமா உக்காந்து பேசுவோம்."

ஓட்டக்கூடாத வண்டிக்கு ஹெல்மெட் எதற்கு என்று கேட்க வாய் திறந்தது. 'நாற்காலி' என்ற சொல்லைக் கேட்டதும் அந்த வாய் மூடிக்கொண்டது. வெளியே வந்தபோது கேஷியர் தலையைக் குனிந்து ஏற்கெனவே எண்ணிய சில்லறையை மறுபடி எண்ணினார். டைப்பிஸ்ட் அம்மா காகிதம் இல்லாமலே டைப் அடித்தார். பொறாமை என்று குமாஸ்தா எடுத்துக்கொண்டார்.

எடைமேடைகளோடு சேர்ந்து கம்பெனி வேனில் வண்டி வீட்டுக்கு வந்து இறங்கியது. மூன்று நாள் சொன்னபடி ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தார். நாலாவது நாள் மனைவி, "ஒரு நாளாவது என்னை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகக்கூடாதா? நாளைக்குத் தலைமை குமாஸ்தா ஆனப்புறம் உங்களுக்கு நேரம் ஏது?" என்றாள். பிறகு நடந்ததைத்தான் வாத்தியார் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

மேனேஜர் வர இன்னும் ஆறு நாள் இருந்தது.

"என் தம்பியைக் கூப்பிடறேன்," என்றாள் மனைவி.

மச்சினன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கருவிப் பெட்டியோடு வந்தான். வண்டியை மூன்று முறை சுற்றி வந்தான்.

"உனக்கு பைக் தெரியுமாப்பா?" என்றார் குமாஸ்தா.

"லிஃப்டும் பைக்கும் ஒண்ணுதான் மாமா. நிக்கச் சொன்னா நிக்கணும், போகச் சொன்னா போகணும். அவ்வளவுதான் டெக்னாலஜி."

சொன்னதோடு நிற்கவில்லை. கிளட்சைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே லிவரைக் கையால் தூக்கினான். 'டக்' என்று நியூட்ரல் விழுந்தது. குமாஸ்தா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதோடு அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"கிளட்ச் ஒயர் தொளதொளன்னு இருக்கு மாமா. கிளட்ச் முழுசாப் பிரியாம கியர் எப்படி விழும்? இதான் வியாதி."

ஒயரை முறுக்கினான். இன்னும் முறுக்கினான். பிறகு ஸ்டார்ட் செய்து கியர் போட்டார்கள். ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்று, நான்கு எல்லாம் விழுந்தன. குமாஸ்தாவின் முகம் மலர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கியது.

"நாலு கியரும் விழுது. ஆனா வண்டி நகரலையே?"

"ஒரே நேரத்துல ரெண்டு கேட்டா எப்படி மாமா?"

ஒயர் இருந்த இறுக்கத்தில் கிளட்ச் பிடிக்கவே இல்லை. எஞ்சின் ஒரு பக்கம் ஓட, சக்கரம் ஒரு பக்கம் சும்மா நின்றது. ஒயரைப் பாதி தளர்த்தினார்கள். வண்டி நகர்ந்தது, மூன்றாவது கியர் போயிற்று. கொஞ்சம் இறுக்கினார்கள். கியர் வந்தது, வண்டி நின்றது. சாயங்காலம் வரை இப்படியே இறுக்கியும் தளர்த்தியும் ஒயரில் இரண்டு இழை அறுந்ததுதான் மிச்சம்.

மறுநாள் மச்சினன் ஒரு டின்னோடு வந்தான்.

"நேத்து ராத்திரி யோசிச்சேன் மாமா. உள்ள காய்ஞ்சு போயிருக்கு. இது லிஃப்டுக்குப் போடற எண்ணெய். பதினெட்டு மாடி ஏறுது, ஒரு புகார் கிடையாது."

"இது மாடி ஏறாதேப்பா."

"அப்ப இன்னும் சுலபம்."

கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து, டின்னைக் கவிழ்த்தான். பாகு மாதிரி கெட்டியான எண்ணெய் அவசரமில்லாமல் உள்ளே இறங்கியது. ஊறட்டும் என்று ஒரு நாள் விட்டார்கள். நன்றாகவே ஊறியது. கிளட்ச் தகடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிட்டன. இது குமாஸ்தாவுக்குத் தெரியாது. அவர் காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்தார்.

கிளட்சைக் கையில் பிடித்திருந்தால் வண்டி நிற்கும் என்பது உலக வழக்கம். வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தெருவைக் கடந்து, வாத்தியாரின் திறந்த கேட்டுக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்த போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரில் முட்டி நின்றது. பிரேக்கைத் தேடி வலது காலால் கியரை மிதித்துக்கொண்டிருந்த குமாஸ்தா போர்வைக்குள்ளிருந்து, "சாரி சார்," என்றார்.

"வாங்க, உக்காருங்க," என்றார் வாத்தியார். "உக்காந்துதான் இருக்கீங்க போல."

ஹெட்லைட் விளிம்பு நெளிந்திருந்தது. குமாஸ்தா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓட்டினீங்களான்னு மேனேஜர் கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

"ஓட்டலைன்னு தாராளமாச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "வண்டிதானே உங்களை ஓட்டிட்டுப் போச்சு."

அவள் மரக்கரண்டியால் உள்ளிருந்து தட்டி நெளிவை நிமிர்த்தினாள். அந்த ஆறு நாளில் முதல் முயற்சியிலேயே சரியான காரியம் அது ஒன்றுதான். அதற்காக அவளை யாரும் பாராட்டவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

அன்று மத்தியானம் மேனேஜர் போன் செய்தார்.

"வண்டி எப்படிய்யா இருக்கு?"

"அப்படியே இருக்கு சார்."

"ஓட்டலையே?"

"ஐயோ, இல்ல சார்."

"அதுல எனக்குப் பெருமையே கியர்தான்யா. வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி விழும். அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆயிடக்கூடாது. சரி, வந்து அந்த நாற்காலியைப் பத்திப் பேசணும்."

போனை வைத்தபோது குமாஸ்தாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெண்ணெயில் இறங்கிய கத்தியை ஒரே தெருவில் உடைத்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

"கவலைப்படாதீங்க மாமா, கியர் பெட்டியைத் திறந்துடுவோம்," என்றான் மச்சினன்.

கிளட்ச் பக்கத்துக் கெட்ட எண்ணெயை வடித்து, நல்ல எண்ணெய் ஊற்றி, கூடத்தில் செய்தித்தாள் விரித்து கியர் பெட்டியின் வெளிமூடியைக் கழற்றினார்கள். ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் வைக்கவேண்டும் என்று குமாஸ்தா பிடிவாதம் பிடித்தார். தபால் பிரிவில் பழகிய கை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி நம்பர் போட்டார். இருபத்து மூன்றாவது நம்பர் எழுதும்போது உள்ளிருந்த ஸ்ப்ரிங் ஒன்று விடுதலை அடைந்து அலமாரிக்கு மேலே போய்விட்டது. அதைத் தேட மச்சினன் மின்விசிறியைப் போட்டான். விசிறி போட்டால் காற்று வரும், காற்று வந்தால் சீட்டுகள் பறக்கும் என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

மாட்டி முடித்தபோது ஒரு வாஷரும் ஒரு சின்ன ஊசியும் மிஞ்சின.

"இது எங்கேயிருந்து வந்தது?" என்றார் குமாஸ்தா.

"கம்பெனிக்காரன் எப்பவும் ரெண்டு எக்ஸ்ட்ரா போடுவான் மாமா. காணாமப் போனா உதவும்னு."

ஸ்டார்ட் செய்து கியர் போட்டார்கள். மூன்றாவது விழுந்தது! சத்தமில்லாமல், துள்ளாமல், அருமையாக விழுந்தது. குமாஸ்தா கைகூப்பினார். முதல் கியருக்குப் போனார்கள். வரவில்லை. இரண்டாவது வரவில்லை. நாலாவதும் இல்லை. எப்படி மிதித்தாலும் எப்படித் தூக்கினாலும் மூன்றாவது மட்டும்தான்.

"நீங்க மூணாவதுதானே மாமா கேட்டீங்க?" என்றான் மச்சினன்.

மனைவி வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். பிறந்ததிலிருந்து அக்காவைத் தெரிந்தவன் அவன்; கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் மூன்று நாள். வேறு வழியில்லாமல் பழைய வண்டிகளுக்கென்றே கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பதால் வந்த பெயர். அவர் பத்து நிமிடம் கேட்டார்.

"யார் கை வச்சது?" என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டர்?"

"எந்த வண்டி வந்தாலும் முதல்ல அதைத்தான் கேட்பேன். யாரும் கை வைக்காத வண்டி என்கிட்ட வந்ததில்ல."

பெட்டியைப் பிரித்துப் பலகையில் பரப்பினார். மிஞ்சிய வாஷரையும் ஊசியையும் குமாஸ்தா ஒரு தபால் உறையில் போட்டுப் பணிவாக நீட்டினார். டாக்டர் வாங்கிப் பார்த்து, "இது இல்லாமலா ஓட்டினீங்க? உயிரோட இருக்கீங்களே!" என்று மனதார மகிழ்ந்தார். பிறகு ஒரு சின்ன இரும்புக் கவையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒயர்லயும் ஒண்ணுமில்ல, எண்ணெய்லயும் ஒண்ணுமில்ல. இந்தக் கவைதான் பல்சக்கரத்தைத் தள்ளி கியர்ல சேர்க்கும். இது தேஞ்சு வளைஞ்சிருக்கு. மூணாவது கியரோட பல்லும் மழுங்கிடுச்சு. போட்டாலும் பிடிச்சு நிக்காது."

"இது... எத்தனை நாள்ல டாக்டர் இப்படித் தேயும்?"

"சில பேர் கையில பத்து வருஷம் நிக்கும். சில பேர் கால் பட்டாலே போச்சு."

குமாஸ்தா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருடம் கூடவே இருந்த கால். இப்படிச் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"புதுசு கிடைக்குமா?"

"இந்த வண்டி செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி கிடக்கு. கடைக்காரன் பல்சக்கரத்தை மட்டும் தரமாட்டான், பெட்டியோடதான் தருவான்."

வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த பணம் மொத்தமும் அந்தப் பெட்டிக்குப் போயிற்று. செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று குமாஸ்தா விஷயத்தைச் சொன்னார். ஆனால் மனைவி கோபிக்கவில்லை. வாளியில் ஊறிய துணிகளை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

"போனாப் போகுது. நாற்காலி வந்தா மெஷின் பின்னாலேயே வரும். நான் வேற எங்க அக்காகிட்ட நீங்க தலைமை குமாஸ்தான்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

"எப்ப சொன்னே?"

"போன வருஷம்."

மூன்றே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன டாக்டர் வாக்குத் தவறவில்லை. கடைசி நாள் வண்டி வந்தது. வாத்தியார் உட்பட தெருவே பார்க்க, டாக்டரே ஓட்டிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்ப நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. "இது புதுசா இருந்தப்பகூட இப்படி விழுந்திருக்காது," என்றார் டாக்டர். குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சுத்தமாக அடுத்த கட்டத்துக்குப் போனதில்லை.

ஒரே ஒரு தொல்லை. கியர் பெட்டி பளபளவென்று இருந்தது. கை படாத வண்டி இவ்வளவு பளபளக்காது. மனைவி வீடு கூட்டிய தூசியை முறத்தோடு கொண்டுவந்து, கொஞ்சம் எண்ணெய் தொட்டு, பழைய அழுக்கு எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் அக்கறையாகப் பூசினாள்.

திங்கட்கிழமை காலை வண்டி வேனில் ஏறி ஆபீஸ் ஷெட்டுக்கு வந்தது. மேனேஜர் கோட்டைக் கழற்றிக் குமாஸ்தாவின் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முற்றத்தில் ஒரு சுற்று வந்தார். ஒன்றாவது, இரண்டாவது. மூன்றாவது கியர் விழும் இடத்தில் குமாஸ்தா கோட்டை இறுக்கிக் கசக்கிவிட்டார். அது விழுந்தது. மேனேஜர் நிறுத்தவில்லை. இரண்டாவதற்கு இறங்கி மறுபடி மூன்றாவது போட்டார். மறுபடி இறங்கி, மறுபடி போட்டார். கண்ணை மூடிக்கொண்டு அவர் சிரித்ததை குமாஸ்தா தன் கண்ணால் பார்த்தார்.

"ஓட்டலையேய்யா?"

"தொடவே இல்ல சார்."

"நீங்க தொட்ட மாதிரியே தெரியலை," என்றார் மேனேஜர், தூசியைத் தடவிப் பார்த்து. "உங்களை மாதிரி ஆளுங்களாலதான்யா இந்த ஆபீஸ் ஓடுது."

"சார்... அந்த நாற்காலி..."

"மறப்பேனா? பொறுங்க. காலம் வரும்போது தானா வரும்."

குமாஸ்தா மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். கேஷியரும் டைப்பிஸ்ட் அம்மாவும் அவரைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இன்றைக்கு அவர்கள்மேல்கூட அவருக்கு இரக்கமாக இருந்தது. பாவம், இருவரும் எவ்வளவு நாளாக எதிர்பார்த்திருப்பார்கள்!

ஆபீஸையும் ஷெட்டையும் பன்னிரண்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கும் அம்மா, தலைமை குமாஸ்தாவின் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அழுத்தித் துடைங்கம்மா," என்றார் குமாஸ்தா. சந்தோஷத்தை அவரால் அடக்க முடியவில்லை. "இந்த வாரமே ஆள் வந்து உக்காந்தாலும் உக்காரும்."

அவள் துணியை வாளியில் பிழிந்தாள்.

"அது எப்படி சார்? எஞ்சினுக்குக் கேஷியர் சார், பிரேக்குக்கும் டயருக்கும் டைப்பிஸ்ட் அம்மா, இப்ப கியருக்கு நீங்க... வண்டிக்கு இன்னும் பெயிண்ட் பாக்கி இருக்கே, அதுக்குள்ள இந்த நாற்காலிக்கு ஆளைப் போட்டுடுவாரா?"